மந்தைவெளியில் பிரியும் வண்டி

ஓட்டுநர் இல்லாத குட்டி பஸ்களுக்கு வழித்தடம் வரைவதுதான் அப்போது என் வேலை. ரயில் பெட்டி மாதிரி இரண்டு வண்டிகள் கோத்துக்கொண்டு சாந்தோமில் கிளம்பும். மந்தைவெளியில் பிரிந்து முன்வண்டி அடையாறு மெட்ரோவுக்கும் பின்வண்டி தி.நகருக்கும் போகும். அதற்குள் பயணிகள் உள்ளுக்குள்ளேயே நடந்து தங்கள் வண்டிக்கு மாறிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் அது ஓடுகிற அழகை மனைவியிடம் காட்டினேன்.

"உக்கார சீட் கிடைச்சப்புறம் நம்ம ஊர்ல யாருங்க எந்திரிப்பாங்க?" என்றாள்.

அசல் வண்டிகள் இன்னும் வரவில்லை. சாதாரண வேன் இரண்டை வாடகைக்கு எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தோம். மந்தைவெளியில் நிறுத்தினால் பயணிகள் இறங்கி மாறுவதாக ஏற்பாடு. ஆள் சேர்க்க மனைவியையும் அவள் அக்காவையும் அழைத்திருந்தேன். அக்கா வீடு அடையாறில். மனைவிக்கோ தி.நகரில் தையல்காரரைப் பார்க்க வேண்டும். முன்வேனில் ஜன்னலோரம் கிடைத்ததால் இரண்டு பேரும் அதில் உட்கார்ந்துகொண்டார்கள். சொந்தத்தில் ஒரு பெண், சர்ச்சில் ஓலை வாசித்து கல்யாணத்தை அறிவித்த பிறகு மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அந்தக் கதை போய்க்கொண்டிருந்தது.

மந்தைவெளியில் நான் போய், "தி.நகர் போறவங்க பின்னாடி வாங்க" என்றேன்.

மனைவி கையை மட்டும் உயர்த்தினாள். "இருங்க, அக்கா இப்பத்தான் முக்கியமான கட்டத்துக்கு வந்திருக்கா."

டிரைவர் என்னைப் பார்த்தார். "இன்னா சார் பண்றது? பின்னால ஹாரன் அடிச்சிக்கினே கீறாங்க."

போகச் சொன்னேன். மனைவி அடையாறு போனாள். பின்வேனில் தி.நகர் வரை நான் மட்டும் போனேன். பாண்டி பஜாரில் இறங்கும்போது போன் வந்தது. "அக்கா வீட்ல காபி குடிச்சிட்டிருக்கேன். உங்க பஸ் நல்லாத்தாங்க இருக்கு."

அலுவலகத்தில் சிரித்தார்கள். ஆனால் வரைபடத்தைத் திருத்தினோம். நடுவழியில் மாறச் சொல்லாமல், ஏறும்போதே அவரவர் ஊர்ப் பலகை போட்ட வண்டியில் ஏற வைப்பது என்று முடிவானது.

அடுத்த ஓட்டத்தில் எல்லோரும் பலகை பார்த்து ஏறினார்கள். அக்கா மட்டும் தெரிந்தே தி.நகர் வேனில் தங்கையோடு ஏறினார். பேச்சு பாக்கி இருந்ததாம். வண்டிகள் பிரியும் நேரத்தைக் குறிக்க நான் அவர்களுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு?" என்று நானே கேட்டுவிட்டேன். அக்கா திரும்பி உட்கார்ந்து ஆதியிலிருந்து ஆரம்பித்தார். பதில் முடிந்தபோது வேன் மந்தைவெளியில் பிரிந்து ஆழ்வார்பேட்டையும் தாண்டியிருந்தது. நேரம் குறிக்க மறுநாள் இன்னொரு முறை வண்டி விட்டோம். அன்றைக்கு அவர்கள் இருவரையும் கூப்பிடவில்லை.