பிசிறு வெட்டும் அக்கா

வாதம் வந்து, பேச்சும் போய்ப் படுத்துவிட்ட அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏஜென்சி கேட்ட தொகை என் சம்பளத்தைவிட அதிகம். விசாரித்ததில், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக் கண் மங்கி நின்றுவிட்ட தென்காசிப் பக்கத்து அக்கா ஒருவர் கிடைத்தார். அவருக்குக் கொடுப்பதற்காகவே நான் தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தேன்.

ஒல்லியான ஆள். கம்பெனியை விட்ட பிறகும் பிசிறு வெட்டும் கத்தரி கழுத்துக் கயிற்றில் தொங்கும். அப்பாவுக்குப் போடுமுன் பனியனைப் புரட்டி, விரலால் தடவித் தடவி நூல் பிசிறுகளை நறுக்குவார்.

"படுத்திருக்கறவருக்கு எதுக்குங்க்கா? சரக்கு வாங்கற பையரா வந்து பாக்கப்போறாரு?" என்று சிரித்தேன்.

"உறுத்துனா அவுகளால சொல்ல முடியுமா தம்பி?" என்றார்.

ஆறு மாதத்தில் வேறொரு வீட்டில் கூடுதல் சம்பளத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். "நானும் பொழைக்கணும்லா தம்பி," என்று தலைகுனிந்து சொல்லிவிட்டுப் போனார். கத்தரி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நானே புதுப் பனியன் போட்டுவிட்டேன். நாள் முழுக்கத் தோளை அசைத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கழற்றியபோது, லேபிள் தைத்த நைலான் நூல் உரசிப் பிடரி சிவந்திருந்தது.

"உறுத்துச்சுங்களாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா ஆணியில் தொங்கிய கத்தரியையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.