ஆறு நாற்பதும் கோழிக்குடலும்

என் கணவருக்குக் காலையில் ஒரு சிகரெட் பிடித்தால்தான் வயிறு கழியும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தபோது, இனி சிகரெட் தொட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் என் முன்னால் சொன்னார். இவரும் விட்டுவிட்டேன் என்றார். இரண்டு வாரம் மலச்சிக்கலில் அவதிப்பட்டார். தினமும் இரண்டு வாழைப்பழம். மூன்றாவது வாரம், ரெட்டியார்பாளையத்து வீட்டில் ஆறு நாற்பதுக்குக் கழிவறைக் கதவு சாத்தப்பட்டது. அதே பழைய நேரம்.

நாளிதழ் ஒன்றில் பல வருடம் செய்தி திருத்தியவள் நான். இரண்டு ஆதாரம் இல்லாமல் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. சட்டையை மோந்தேன், புகை வாசனை இல்லை. பால்கனியில் சாம்பல் இல்லை. பால் வாங்கப் போய்வர பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். கடை மூன்று நிமிட நடை.

அதற்கடுத்த வாரம் வயிற்றைப் பிடித்து இழுக்கிறது என்று மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டார். அந்த மூன்று நாளும் கதவு திறக்க முக்கால் மணி ஆனது.

"இந்த மாத்திர வயித்தயே கட்டிப்போட்டுடுச்சும்மா" என்றார்.

எதைக் கட்டியது என்று யோசித்தேன்.

மாடியில் குடியிருக்கும் பெண் பார்மசி கல்லூரியில் ஆசிரியை. நிகோட்டின் குடலை என்ன செய்யும் என்று அவளிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "சனிக்கெழம லேபுக்கு வாங்கக்கா, கண்ணாலயே பாத்துடுங்க" என்றாள்.

கறிக்கடையில் வாங்கிய கோழிக்குடலில் ஒரு சிறு துண்டு, கண்ணாடிக் குழாயில் வெதுவெதுப்பான உப்புக் கரைசலுக்குள் நூலில் தொங்கியது. குடல் சுருங்கினால் நூல் இழுபடும், திரையில் கோடு ஏறும். நிகோட்டின் விட்டாள். கோடு ஏறியது.

"இது நேரா தசையத் தொடாதுக்கா. கொடல் சுவத்துல இருக்கிற நரம்பு முடிச்சத் தட்டும். நரம்பு வேற ஒரு ரசாயனத்த விடும். அதுதான் தசையச் சுருக்குது."

கழுவிவிட்டு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தைச் சேர்த்தாள். அது நரம்பு முடிச்சை அடைப்பது. இப்போது நிகோட்டின் விட்டபோது கோடு அசையவில்லை. நரம்பு விடும் அந்த ரசாயனத்தையே நேராக விட்டாள், ஏறியது. மறுபடி கழுவி அட்ரோபின் சேர்த்தாள். இது தசையில் போய் அடைப்பது. அதன்பின் நிகோட்டினுக்கும் சரி, அந்த ரசாயனத்துக்கும் சரி, கோடு எழும்பவே இல்லை.

இவர் சாப்பிட்ட மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

"அட்ரோபின் மாதிரிதான்க்கா."

"அப்போ சிகரெட்டோட வேலையத்தான அது நிறுத்தியிருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். "ஓ, மாமா மேல கேசா? நிக்காதுக்கா. அது தசையில அடைக்கிது. சிகரெட்டு தட்டினாலும் கொடல் சுருங்காது, வாழப்பழம் தட்டினாலும் சுருங்காது. தட்டினது யாருன்னு சொல்லாது."

"நரம்பு முடிச்ச அடைக்குதே, அந்த இன்னொரு மருந்து குடுத்தா தெரியுமா?"

"அத மனுசங்களுக்கு இப்ப குடுக்கிறதில்ல. பேசாம மாமாவயே கேட்டுடுங்க."

மறுநாள் காலை பால் பாக்கெட்டோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"வாயத் தொறங்க."

"என்னாத்துக்கு?"

"தொறங்கன்றேன்."

கடைவாயில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. புதினா வாசனை. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை போன்ற ஒன்றை எடுத்து நீட்டினார். நிகோட்டின் சூயிங்கம்.

"டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டுதான் வாங்கனேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ, 'சிகரெட்டை விடவில்லை'ன்னு கொட்ட எழுத்துல தலைப்பு போட்டுருப்ப."

எல்லாம் பொருந்தியது. நேரம், வாசனை இல்லாதது, நின்று மென்றுவிட்டு வர ஆன பன்னிரண்டு நிமிடம். மெல்லுகிற நிகோட்டினும் நரம்பு முடிச்சைத் தட்டத்தான் செய்யும். ஆனால் எல்லாம் பொருந்துகிற செய்தியைத்தான் நான் இன்னொரு முறை விசாரிக்கச் சொல்வேன். புதினா எந்த வாசனையையும் மறைக்கும்.

"அடுத்த செக்கப்புக்கு நானும் டாக்டர் ரூமுக்குள்ள வரேன்" என்றேன்.

"வாயேன்" என்றார் உடனே. யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

பால் பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கழிவறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பால் பாக்கெட்டை மட்டும் ஒருமுறை மோந்து பார்த்தேன். பால் வாசனைதான்.