உறைபனிக்குப் பிறகு வரும் மொட்டு

டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் நான் வேலை செய்த வைன் கிடங்கின் பொறுப்பாளர் நெட்டையான டேனிஷ்காரர். இளமையில் கலிபோர்னியாவின் நாபாவில் திராட்சைத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். அங்கிருந்து வந்த பெட்டியைத் திறந்தால் போதும், போத்தலில் உள்ள ஆண்டைப் பார்த்து, அந்த வருடம் அங்கே மழையா வெயிலா என்று சொல்லத் தொடங்கிவிடுவார். வைனைத் தொட்டே பார்க்காத என்னிடமும் சொல்லுவார்.

ஊரில் போர் முடிந்த மே மாதம். வன்னியில் இருந்த அக்காவையும் அவவின் பிள்ளையையும் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அந்த யோசனையில் ஒருநாள் வெள்ளை வைனையும் சிவப்பு வைனையும் கலந்து அடுக்கிவிட்டேன். அவர் ஏசவில்லை. விசயத்தைக் கேட்டுவிட்டு, கிடங்குக்குள் கொண்டுவரக்கூடாத போனை என் சட்டைப்பையிலேயே வைத்திருக்கச் சொன்னார். பிறகு தன் மொழியில் மெதுவாகச் சொன்னார்.

“உறைபனியில திராட்சைத் துளிர் கருகினா நாங்கள் உடனே கொடியை வெட்டமாட்டம். மூண்டு கிழமை பொறுத்தா, பக்கத்தில இன்னொரு மொட்டு வரும்.”

ஜூனில் அகதி முகாமிலிருந்து அக்கா போன் எடுத்தா. “நான் இருக்கிறன் தம்பி. பிள்ளைதான் இல்லை.”

பின்னர் எங்கோ வாசித்தேன், அந்த இரண்டாவது மொட்டில் காய் குறைவாம். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அந்த மூன்று வாரமும் அதை என்னிடம் சொல்லாமல் இருந்தாரே, அதற்குத்தான் என் நன்றி.