வலைக்கம்பில் பூத்த பூவரசு

சுனாமி வந்துபோன பிறகு சில வருடங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். ஞாயிறானால் இறால் வாங்கப் பழவேற்காட்டுக்குப் போய்விடுவேன். அங்கே கரையில் இறால் விற்கும் மீனவர் ஒருவர். பெயரைக் கேட்டதில்லை. ஒல்லி உடம்பு, வெயிலில் வெளுத்த புருவம், இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி.

வலை காயப்போட அவர் மணலில் நட்டிருந்தவை காய்ந்த சவுக்குக் கம்புகள். ஒன்று குறைந்ததால் அவசரத்துக்குப் பச்சைப் பூவரசங்கொம்பை நட்டுவிட்டார். அது வேர்விட்டுத் துளிர்த்தது. கிளையில் மாட்டி வலை கிழியும், மறுநாள் தொழில் கெடும், கூட்டாளிகள் திட்டுவார்கள். கிழிசலைத் தைத்தபடி, நான் கேட்காமலே, “நாளைக்கு வெட்டிட்றேன் சார்” என்பார்.

அடுத்த வருடம் அது மஞ்சளாகப் பூத்தது. சிவந்து உதிர்ந்த பூக்களை வலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

“போன வருஷமே வெட்றேன்னீங்களே?”

“வெட்டத்தான் வந்தேன். பூத்துக்கினு கீது. பூத்துக்கினு கீறப்ப எப்டி சார் கத்தி வெக்கிறது? பூ நிக்கட்டும்.”

“பூவரசு வருஷம் பூரா பூக்குமே.”

“அதான் சார் பேஜாரு” என்றார், சிரிக்காமல்.

கடைசியாகப் போனபோது மரம் அங்கேயே நின்றது. சவுக்குக் கம்புகளைத்தான் பிடுங்கி, மரத்தை விட்டுத் தள்ளி நட்டிருந்தார். மர நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கத்தியைத் தொட்டுக்கொண்டார்.

“நாளைக்கு வெட்டிட்றேன் சார்.”

நான் அந்தப் பக்கம் போய்ப் பல வருடமாகிறது. அந்த ‘நாளைக்கு’ இன்னும் வந்திருக்காது.