தலைக்கு எண்ணெய் வைக்காமல் திருப்பதிக்கு

போன செவ்வாய்க்கிழமை திருப்பதிக்குப் போய் வந்தேன். சாமி பார்க்க அல்ல. ஏழு வருடங்களுக்கு முன் என் மனைவி இறந்ததிலிருந்து மலைமேல் இருப்பவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இது வேறு காரியம். இருவர் நேருக்கு நேர் பேசும்போது மூளை எப்படி வேலை செய்கிறது, ஆளின் குணத்தைப் பொறுத்து அது மாறுகிறதா என்று அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள். அறுபது தாண்டியவர்கள் தேவை என்று வாட்ஸப்பில் வந்தது. என்னோடு ஐந்து நிமிடம் பேச முடியாது என்று சொல்லித் திரிகிறவர்கள் எங்கள் ஊர் நகரியில் நிறையப் பேர். மூளையையே எடுத்துக் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

நகரியில் காலை 6.40 பேருந்து. கட்டணம் எண்பது ரூபாய். புத்தூரில் பத்து நிமிடம் நிற்கும். அங்கே டீ குடிக்காதீர்கள். 8.25க்குத் திருப்பதி. ஆட்டோக்காரர் "மலைக்கா பெரியவரே?" என்றார். "இல்லை, தலையைச் சோதிக்க" என்றேன். ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டார். பல்கலைக்கழகம் என்று சொல்லி மறுபடி திருப்ப வைத்தேன். மூன்று கிலோமீட்டருக்கு நூறு ரூபாய்.

ஆய்வு மாணவி என் தலையைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏன் தாத்தா இவ்ளோ எண்ணெய்? சிக்னலே வராது."

"வெளியூர் கிளம்புறவன் எண்ணெய் வைக்காம வருவானாம்மா?"

மூன்று ஷாம்பு பாக்கெட்டோடு குழாயடிக்கு அனுப்பினாள். எனக்கு எதிரே உட்கார வந்தவர் வேலு, பிச்சாட்டூரில் விவசாயக் கூலி. முந்தின நாள்தான் மலையில் மொட்டை போட்டிருந்தார். மூளையின் சிக்னலைப் பிடிக்கும், கம்பிகள் தொங்கும் தொப்பி அவருக்கு ஐந்து நிமிடத்தில் பொருந்தியது; எனக்கு நாற்பது.

குணத்தை அளக்கும் படிவம் தெலுங்கில் மட்டும் இருந்தது. தமிழில் ஏன் இல்லை என்று கேட்டேன். மாணவியே வாசித்துத் தமிழில் சொன்னாள். பிறர் தவறை எளிதில் மன்னிப்பேன்: ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்.

"யார் தவறை?"

"பொதுவா தாத்தா."

"பொதுவா யாரும் எனக்குத் தவறு செய்யலையே."

பிறகு மூன்று நிமிடம் பேசாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். என் முகத்தை யாராவது அவ்வளவு நேரம் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அடுத்து, சந்தோஷமான ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். வேலு சிரித்தார். "இன்னா நைனா, மொறைச்சிகினே கீற? நான் இன்னா உன் பங்காளியா?"

பங்காளி என்றதும் என் வாய் திறந்துகொண்டது. நானும் தம்பியும் ஒரே சைக்கிளில் புத்தூர் போனதையும், செயின் அறுந்து வழியெல்லாம் தள்ளிக்கொண்டே சிரித்ததையும் சொன்னேன்.

"தம்பி இப்ப கீறாரா?"

"ரெண்டு தெரு தள்ளித்தான். என் வீட்டம்மா சாவுக்கு வந்தான். மாலையைப் போட்டுட்டு, என் மூஞ்சியைப் பாக்காமலே போயிட்டான்."

"நீ அவுரு மூஞ்சிய பாத்தியா?"

இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று மாணவியைக் கேட்டேன்.

முடிவு எதையும் தனித்தனியாகத் தர மாட்டார்களாம். அது மட்டுமல்ல. வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு, இருபது வருடமாவது பழகிய ஒருவரோடு மறுபடி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் இப்போது எடுத்த பதிவும் வீணாகிவிடும். கூட வருபவர் பெயரை எழுத ஒரு கோடு இருந்தது. வேலு தன் மனைவி பெயரை எழுதினார். என் கோடு காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் போனில் சொன்னால் போதும் என்றார்கள்.

2.15க்குத் திரும்பும் பேருந்து. நகரி வரை பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. எண்ணெய் இல்லாத முடி காற்றில் பறந்து கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டு போங்கள். ஆட்டோவுக்கு நூறுக்கு மேல் தராதீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள்.

இணையத்தில் நான் எழுதும் இந்தப் பயணப் பதிவுகளை என் தம்பி படிக்கிறான். போன மாதம் நான் எழுதிய ரயில் நேரம் தவறு என்று பெயர் போடாமல் பின்னூட்டம் எழுதியது அவன்தான்; நான் எழுதிய நேரம் சரி. தினமும் குளித்ததும் தலையில் எண்ணெய் ஊற்றிக்கொள்கிறவன் அவன். சனிக்கிழமை ஒரு நாள் வைக்காமல் இருக்கலாம். நான் யாரையும் கூப்பிடவில்லை. பேருந்து 6.40க்கு என்று மட்டும் சொல்கிறேன். இடது பக்கம், மூன்றாவது வரிசையில் இருப்பேன்.