சீட்டில் விழுந்த கட்சி

போன சனிக்கிழமை, வாழ்க்கையில் முதன்முறையாக மைக் முன்னால் நின்றேன்.

சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். அஞ்சாம் கிளாஸ் வரைதான் படிப்பு. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக் முனையில் இஸ்திரி வண்டி. வீடு பக்கத்து ஊரான வடக்குத்தில். எழுதச் சொன்னால் எப்படியோ எழுதிவிடுவேன். பேசச் சொன்னால்? துணி வாங்கும்போதுகூட “ஆறு உருப்படி” என்பேன், அவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் காது சூடாகிவிடும்.

அப்படிப்பட்ட ஆளைப் போய்ப் பட்டிமன்ற மேடையில் ஏற்றிவிட்டார்கள்!

குடியிருப்போர் சங்கத்து ஆண்டு விழா. பட்டிமன்றத்தில் பேசவேண்டிய ஒருவருக்கு அன்றைக்கென்று பார்த்து செகண்ட் ஷிஃப்ட் விழுந்துவிட்டது. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. சங்கச் செயலாளர் சார் மதுரைப் பக்கத்துக்காரர். பேண்ட் கொடுக்க வந்தவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, நீங்க பேசுறீங்க.”

“எனக்கு வராது சார்.”

“வாரா வாரம் எழுதுறீங்கள்ல? அதே மாதிரி எழுதி வச்சு வாசிங்க. யாரு வேணாம்ங்கிறா?”

“தலைப்பு என்னா சார்?”

“குடும்பம் நிலைச்சு நிக்கிறதுக்குப் பெத்தவங்க பாத்து வைக்கிற கல்யாணம் நல்லதா, பிள்ளைக தானா பாத்துக்கிற கல்யாணம் நல்லதா?”

“நான் எந்தப் பக்கம்?”

“அதுக்குத்தான் போன வருசம் சண்டை வந்துச்சு. இந்தத் தடவை சீட்டுக் குலுக்கிட்டோம். இன்னும் ரெண்டு சீட்டுதான் மிச்சம். எடுங்க.”

தேய்த்து வைத்திருந்த வேட்டியின் மேலேயே இரண்டு சீட்டையும் போட்டார். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். ‘பெத்தவங்க’ என்று இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவி சரசுவிடம் விஷயத்தைச் சொன்னேன். தலைப்பைச் சொன்னேன், நான் எந்தக் கட்சி என்று சொன்னேன். அந்தக் கட்சி சீட்டில் விழுந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை… அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நீங்களே சொல்லுங்கள், அது ஒரு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான் என்று பிறகு தெரிந்தது.

“வீட்டாளுக முன்னாடி நாலு தடவை பேசிப் பாருங்க, பயம் போயிரும்” என்று செயலாளர் சார் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் என்னைத் தவிர இரண்டே பேர். சரசு. மகள் தேன்மொழி – வடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. சரசுவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் அவள் சிரித்துவிடுகிறாள். ஆகவே தினமும் சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு, சாம்பார் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, மகள் முகத்தைப் பார்த்தே பேசினேன்.

“இன்றைய பிள்ளைகளே! உங்களுக்கு நடை பழக்கியவர் யார்? சோறு ஊட்டியவர் யார்? ஒரு துணையைத் தேடிக்கொடுக்க மட்டும் அவருக்குத் தகுதி இல்லையா?”

கையை நீட்டிப் பேசினால் எடுப்பாக இருக்கும் என்று கரண்டியை நீட்டினேன். அது நேராக அவள் மூக்குக்கு முன்னால் போய் நின்றது.

முதல் நாள் அவள் சிரித்தாள். இரண்டாம் நாள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். மூன்றாம் நாள் பாதித் தட்டில் எழுந்துவிட்டாள்.

“என்னாம்மா, ரசம் நல்லா இல்லியா?”

“வயிறு சரியில்லப்பா.”

நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், கை கழுவிவிட்டு வந்தவளை உட்காரவைத்து, “பெற்றவர் கண்ணீரின் மேல் கட்டிய வீடு நிற்குமா?” என்ற பகுதியை இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். இரண்டாவது தடவை எனக்கே குரல் தழுதழுத்தது. அவள் கண்ணிலும் தண்ணீர். அடடா, பேச்சு இப்படி வேலை செய்கிறதே என்று பெருமையாகப் படுத்துக்கொண்டேன்!

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. பிளாக் சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. சரசுவும் தேன்மொழியும் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. நான் மேடையில், கையில் நான்கு பக்கத் தாள், சட்டைக்குள் ஆறாக வியர்வை.

எப்படி வாசித்தேன் என்று தெரியாது. ஆனால் ஒரு இடத்தில் நிஜமாகவே கை தட்டினார்கள். தாளில் இல்லாத இடம் அது. “பெரியவங்க பார்த்து வச்ச கல்யாணத்துல சண்டை வந்தா, பார்த்து வச்சவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு கேக்கலாம். நாமளே பார்த்துகினா யாரு வாசல்ல போய் நிக்கிறது?” என்றேன். அது சீட்டில் விழுந்ததல்ல. எனக்கே தோன்றியது. இன்றைக்கும் அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து எதிர்க் கட்சி. ஒரு டீச்சர். பேப்பர் கிடையாது, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே பேசுகிறார். சண்டை வந்தால் வாசலில் நிற்பதைவிடச் சண்டை வராத ஆளாகப் பார்த்துக் கட்டுவது நல்லதில்லையா என்றார். சிரிப்பு. பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, ஒரே ஒரு கேள்வி. உங்க கல்யாணத்துல அண்ணிக்குச் சம்மதமான்னு யாராவது கேட்டாங்களா?”

எனக்கு என்ன தெரியும்? பெண் பார்க்கப் போனபோது நான் தலையே நிமிரவில்லை. காபி டம்ளரை மட்டும்தான் பார்த்தேன்.

“தெரியலீங்க… நான் கேட்டுகினதில்ல” என்றேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து சரசு குரல் கொடுத்தாள். “ஒருத்தரும் கேக்கலீங்க!”

கூடமே அதிர்ந்தது. நடுவர் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். விடுவாரா? “இப்ப கேட்டா என்னம்மா சொல்வீங்க?” என்றார்.

“அவசரப்படாதீங்க சார். யோசிச்சிச் சொல்றேன்.”

என் கட்சியின் கதை அங்கேயே முடிந்தது. ஆனாலும் நடுவர் நல்ல மனிதர், இரண்டு பக்கமும் ஜெயித்ததாக வழக்கமான தீர்ப்பைச் சொன்னார். கடைசியாக, “யாரும் மனசுல வச்சுக்காதீங்க. யாரும் சொந்தக் கட்சி பேசல. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல விழுந்த கட்சியைத்தான் பேசினாங்க” என்று முடித்தார்.

விழா முடிந்து ஆளுக்கு ஒரு எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். கூடத்துப் படிக்கட்டிலேயே மூன்று பேரும் உட்கார்ந்தோம். தேன்மொழி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

“அப்பா, சீட்டுன்னு சொன்னாரே… நெசமா?”

“ஆமாம்மா. இன்னொரு சீட்ட எடுத்திருந்தா டீச்சர் பக்கம் பேசியிருப்பேன்.”

“அப்ப… இவ்ளோ நாளா வூட்ல என்னப் பாத்துப் பேசினதெல்லாம்?”

“பயம் போறதுக்குத்தான் பேசிகினு இருந்தேன்.”

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று பார்த்தேன். அழுதாள். சரசு தலையில் அடித்துக்கொண்டாள்.

“அட மனுசா! இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? இது அந்தப் பையனுக்கு, ‘எங்கப்பா ஒத்துக்க மாட்டாரு, என்ன மறந்துடுங்க’ன்னு மெசேஜ் போட்டு நாலு நாளு ஆவுது!”

“எந்தப் பையன்?”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பையன் பெயர் அருள். கம்மாபுரம் பக்கம் ஊர். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மெடிக்கல் டெஸ்ட்டுக்காக லேபுக்கு வந்திருக்கிறான். ஊசியைப் பார்த்ததும் மயக்கம் போட்டு விழுந்திருக்கிறான். தண்ணீர் தெளித்து எழுப்பியவள் என் மகள். ஒன்றரை வருஷமாயிற்றாம். சரசுவுக்கு மூன்று மாதமாகத் தெரியுமாம். எனக்கு?

“உன்கிட்ட எப்படிச் சொல்றது? வாயத் தொறக்கலாம்னு வந்தா, நீ கரண்டியத் தூக்கிகினு நிக்கிற!” என்றாள் சரசு.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் என் வாயிலிருந்து வந்தது, “நம்ம ஆளுங்களா?” என்பதுதான். இல்லை என்றாள் தேன்மொழி. சரசு விடவில்லை.

“ஊர்ல இருக்கற அத்தினி பேரு சட்டையும் ஒரே பொட்டியிலதான தேய்க்கற? என்னாத்துக்கு இந்தக் கேள்வி?”

“தேய்க்கறது வேறடி.”

“என்னா வேற? சொல்லு, கேக்கறேன்.”

என்ன வேறு என்று யோசித்துப் பார்த்தேன். நான்கு பக்கம் எழுதியவனுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

“சரி, நீயே அந்தப் பையனுக்கு மறுபடி மெசேஜ் போட்டுடும்மா” என்றேன்.

“போட்டா நம்ப மாட்டாருப்பா. பதிலே வரல. நான்தான வேணாம்னேன்? நீ பேசினாத்தான் நம்புவாரு.”

நான் பேச வேண்டுமாம்! நூறு பேர் முன்னால் பேசுவதற்குத் தாள் இருந்தது. இதற்குத் தாள் எங்கே போவேன்? எழுதிப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? ஞாயிறு காலை இரண்டு தாள் எழுதி, இரண்டையும் கிழித்தேன்.

மதியம் இரண்டரை மணி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டு ஆட்கள் வெளியே வரும் நேரம். தேன்மொழி நம்பரைப் போட்டு போனை என் காதில் வைத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டார்கள், நான் ஓடிவிடாமல்.

“அலோ?”

“நான்… தேன்மொழி அப்பா பேசறேன்.”

பின்னால் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

“தம்பி? இருக்கீங்களா?”

“இருக்கேங்க. ஒரு நிமிசங்க… உக்காந்துக்கறேன்.”

உட்கார்ந்தான் போலிருக்கிறது. பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கு ஒரே நிம்மதி. பையன் என்னைவிடக் கூச்சக்காரன்!

“சாப்டீங்களா தம்பி?”

“இன்னும் இல்லீங்க.”

“சாப்டுங்க.”

“சரிங்க.”

போனை வைக்கப் போனேன். தேன்மொழி என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“தம்பி, அது அனுப்பின மெசேஜ்… அதுக்கு நான்தான் காரணம். பட்டிமன்றம்… அது பெரிய கத. நேர்ல சொல்றேன். உங்க அப்பா அம்மாவக் கூட்டிகினு வாங்க. மொறையா வந்து பொண்ணு பாருங்க.”

“எப்பங்க?”

“வர ஞாயித்துக்கெழம.”

“அன்னிக்கும் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுங்க…” என்றவன், நான் மூச்சு விடுவதற்குள், “மாத்திக்கறேங்க! ஆளு இருக்குங்க! மாத்திக்கறேங்க!” என்று கத்தினான். தேன்மொழி போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த வாரம் இஸ்திரி வண்டிக்கு வந்த செயலாளர் சார், “என்னண்ணே, கடைசில நீங்க எந்தக் கட்சி?” என்று கேட்டார். பெற்றவர்கள் பார்த்து வைப்பதா, பிள்ளைகள் பார்த்துக்கொள்வதா என்று கூடம் கூட்டி, மைக் வைத்து, மணி அடித்துப் பேசுகிறோம். நல்லதுதான், பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டுமோ அந்த ஆள் நம் வீட்டில் பாதித் தட்டில் எழுந்து போகும்போது, ரசம் சரியில்லையா என்றுதானே கேட்கிறோம்? செயலாளர் சாரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “ஆறு உருப்படி சார்” என்றேன்.

வரும் ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பெண்ணைப் பார்த்தாயிற்று, பெண் பையனைப் பார்த்தாயிற்று, சரசு போட்டோவில் பார்த்தாயிற்று – இனிமேல் பார்க்கவேண்டியவன் நான் ஒருத்தன்தான்!