தூக்கிவிடுகிற ஆள்

கூட்ஸ் ஷெட்டில் போய்ச் சென்னப்பன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் சட்டென்று புரியாது. ‘ரெட்டை மூட்டைக்காரர்’ என்றால்தான் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்து வந்து, இருபத்து மூன்று வருஷம் உரமும் சிமெண்டும் தலையில் சுமந்த மனிதர். வாலிபத்தில் ஐம்பது கிலோ மூட்டை ஒன்றின்மேல் இன்னொன்றை ஏற்றிக்கொண்டு வேகனிலிருந்து லாரிக்குப் போட்ட பலகைமேல் நடப்பார். பார்த்தவர்கள் விசிலடித்தார்கள். விசிலடித்தவர்களில் ஒருத்தராவது, “யோவ், கழுத்து என்னாத்துக்கு ஆகும்?” என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டார், அது வேறு விஷயம்.

நாற்பத்தைந்து வயதில் கை மரத்துப்போக ஆரம்பித்தது. ஒரு நாள் பீடி விரலைச் சுட்டுக் கருக்கிக்கொண்டிருந்தது. தோல் தீயும் வாசனை மூக்குக்கு வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அடுத்த சில மாதங்களில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மனைவி நிர்மலாதான் காலையில் போட்டுவிடுவாள். “புதுமாப்பிள்ளைன்னு நெனப்பு,” என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டே ஒரு நாள் தருமபுரிக்கு இழுத்துப்போய் டாக்டரிடம் காட்டினாள். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை நசுக்குகிறது, இனிமேல் தலையில் எதையும் சுமக்கக்கூடாது என்றார் டாக்டர்.

சென்னப்பன் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். தலையில் சுமக்கத்தானே கூடாது? வேகனுக்குள் நின்று மூட்டையைத் தூக்கிவிடலாமே.

கூட்ஸ் ஷெட்டில் இரண்டு விதமான ஆட்கள் உண்டு. சுமக்கிறவர்கள், தூக்கிவிடுகிறவர்கள். தூக்கிவிடுகிற இருவர் மூட்டையின் இரண்டு முனைகளையும் பிடித்து உயர்த்துவார்கள். சுமக்கிறவன் சும்மாட்டைத் தலையில் வைத்து, முதுகைக் காட்டிக் குனிவான். மூட்டை வருவதை அவன் பார்க்க முடியாது. பின்னால் நிற்கிறவர்களின் கையை நம்பித்தான் கழுத்தைக் கொடுக்க வேண்டும்.

அப்போது தூக்கிவிடுகிற வேலையில் இருந்தவன் குப்புராஜ். சென்னப்பனைவிடப் பத்து வயது இளையவன். அவன் பெண்டாட்டி அமுதவல்லி சென்னப்பனை அண்ணா என்று கூப்பிட்டதால் இவன் மச்சான் முறை வைத்துக்கொண்டான். கையைப் பற்றிச் சென்னப்பன் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவன்தான். கேட்ட மறுநாளே குப்புராஜ் மேஸ்திரியிடம் போய், “மூட்டை தூக்கிவிட்டே முதுகு புடிச்சிக்கிச்சுங்க. நான் தலைச்சுமைக்குப் போறேன், அவரு என் எடத்துல நிக்கட்டும்,” என்றான். யாராவது முதுகு வலிக்கிறது என்று தலைச்சுமை கேட்பார்களா? மேஸ்திரிக்கு அதெல்லாம் எதற்கு? வேகன் காலியானால் சரி.

அந்த ஆனியில் பாதுகாப்பு வாரம் வந்தது. கான்ட்ராக்டர் ஷாமியானா போட்டார். ஆளுக்கொரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்து, போட்டோ எடுத்து, எண்ணி வாங்கி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். கூடவே மருத்துவ முகாமும் நடந்தது. கைக்குள் வைத்து அழுத்தினால் முள் நகருகிற ஒரு கருவி. கண்ணை மூடச் சொல்லி, விரலில் படுவது ஊசியா பஞ்சா என்று கேட்கிற ஒரு நர்ஸம்மா. தேறாதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று மேஸ்திரி காலையிலேயே சொல்லிவிட்டார். நோயைக் கண்டுபிடிக்க முகாம், கண்டுபிடித்தால் வேலை போய்விடும். எந்தக் கிறுக்கன் நோயைக் காட்டுவான்?

சென்னப்பன் வரிசையில் நிற்காமல் லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். குப்புராஜ் தேடிக்கொண்டு வந்தான்.

“சட்டையக் கழட்டு மச்சான்.”

“என்னாத்துக்கு?”

“கழட்டுன்னா.”

தன் சோதனையை முடித்திருந்த குப்புராஜ், சென்னப்பனின் கட்டம்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் ஆதார் நகலோடு மறுபடி வரிசையில் நின்றான். ஆதாரில் இருந்த படம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், அவ்வளவு கறுப்பு. அப்படியே தெளிவாக இருந்தாலும் லோடுமேன் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? முள் கடைசி வரை போனது. ஊசியை ஊசி என்றான், பஞ்சைப் பஞ்சு என்றான். சென்னப்பன், கைப்பிடி பலம் நன்று, வேலைக்குத் தகுதியானவர் என்று சான்றிதழ் கிடைத்தது. இருவரும் டீக்கடையில் போண்டா தின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.



மார்கழியில் ஒரு விடிகாலை, உர வேகன் வந்து நின்றது. பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்று மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். தூக்கிவிட ஒரு பக்கம் மாது என்கிற ஆள், இன்னொரு பக்கம் சென்னப்பன். நாற்பது மூட்டை போயிருக்கும். குப்புராஜ் வந்து குனிந்தான். மூட்டை உயர்ந்தது. சென்னப்பனின் வலக்கை எப்போது விட்டதென்று அவருக்குத் தெரியாது. பிடித்திருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். மூட்டை ஒருபக்கமாகச் சாய்ந்து, குனிந்திருந்த கழுத்தின்மேல் விழுந்தது. குப்புராஜ் கத்தவில்லை. அப்படியே மடிந்து வேகன் வாசலில் கிடந்தான்.

பதினோரு நாள் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. தொண்டையில் குழாய், பேச்சும் இல்லை. சென்னப்பன் உள்ளே போனால் கண் மட்டும் அவர் பக்கம் திரும்பும். அதில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார். இல்லாதது இன்னும் வேதனையாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, தூக்கிவிட்டது யார் யார் என்று கேட்டார். மாது, பனியில் பை நனைந்து வழுக்கிவிட்டது என்றான். அவன் நம்பியதைத்தான் சொன்னான். அதிகாரி சென்னப்பனின் சான்றிதழைப் புரட்டி, “கைப்பிடி பலம் நன்று” என்று உரக்கப் படித்தார். செத்தவனின் கைப்பலம் அது. சென்னப்பன் வாய் திறக்கவில்லை. ஈரப் பை என்று எழுதி விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு சென்னப்பன் ஷெட்டுக்குப் போகவில்லை. கூட்டாளி போன துக்கம் என்று ஊர் பேசிக்கொண்டது. வாரம் தவறாமல் குப்புராஜ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவார். “கூடப் பொறந்தவங்ககூட இப்டி வரமாட்டாங்கணா,” என்று அமுதவல்லி காபி கொடுப்பாள். காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். முதலில் வேலைக்குப் பயந்து மறைத்தார். பிறகு அவள் முகத்துக்குப் பயந்து மறைத்தார்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமுதவல்லி, மூன்று வயது சோபனாவைக் கூட்டிக்கொண்டு சென்னப்பன் வீட்டுக்கே வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம். குழந்தை வாசலில் ஆட்டுக்குட்டியோடு நின்றுகொண்டது.

“பாப்பாவுக்குக் காது குத்தணும்ணா. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? மாமன் மடியில உக்கார வெக்க நீங்கதான் வரணும். அவரு இருக்கப்பவே அப்டித்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

தட்டை நீட்டினாள். சென்னப்பன் கை நீட்டவில்லை.

“வாங்கிக்கங்க,” என்றாள் நிர்மலா உள்ளேயிருந்து.

“அமுதா, அந்தத் தட்டைக் கீழ வெய்யி. நான் ஒண்ணு சொல்லோணும்.”

சொன்னார். மரத்த கை, டாக்டர், இடம் மாறியது, மாற்றிக்கொண்ட சட்டை, ஊசி, பஞ்சு, சான்றிதழ், மார்கழிக் காலை. எதையும் மிச்சம் வைக்கவில்லை. சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அமுதவல்லி தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க கை இப்டின்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுதான் உங்க முன்னால குனிஞ்சாரா?”

அவள் வாய்க்கு வந்தபடி ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் இத்தனை நாள் சென்னப்பன் நினைத்திருந்தார். அப்படிச் செய்திருந்தால் தாங்கியிருப்பார்.

“கையக் குடுங்க,” என்றாள்.

வலக்கையை நீட்டினார். அவள் அதை மடியில் வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதையை நகத்தால் கிள்ளினாள். தோல் கிழிந்து ரத்தம் துளிர்த்தது. கிள்ளிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“இல்லைம்மா.”

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள். “இப்ப?”

வலிக்கிறது என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவளிடம் இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“இல்லைம்மா.”

அமுதவல்லி அந்தக் கையைக் கீழே விட்டாள். பதினோரு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கல் மாதிரி இருந்தவள், அந்த வீட்டு நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“உங்களுக்கு வலிக்கணும்ணா,” என்றாள். “அதுகூட எனக்குக் குடுத்துவெக்கலையே.”